அப்பா சட்டை என்ற நிறம்

மீட்டிங்குக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது. பூனை வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

பூனை என்பது வீட்டில் வைத்த பெயர். எந்த அறைக்குள்ளும் சத்தமில்லாமல் வந்து நிற்பாள். வேதியியலில் பட்டம் வாங்கி, தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

"மூணு மணிக்கு வந்துடுவேல்ல?" அண்ணன் கேட்டான். பல் தேய்க்கிற பிரஷ் வாயிலேயே இருந்தது.

"அரை நாள் லீவு சொல்லியாச்சு. காலையிலேர்ந்து இதையே கேக்குற."

"சிவப்பு அதிகமாயிட்டா இடது காது. பச்சை அதிகமாயிட்டா வலது காது. மறந்துடாத."

"ரெண்டும் சரியா இருந்தா?"

"மூக்கைச் சொறி."

"ஒரு மணி நேரம் நான் குரங்கு மாதிரி உக்காந்திருக்கணும், அப்படித்தானே?"

"கேமராவுல நீ வரமாட்ட. பார்க்கப்போறது உன் அண்ணி மட்டும்தான். கொசு கடிக்குதுன்னு சொல்லிக்கலாம்."

பூனை உள்ளே எட்டிப் பார்த்தாள். அண்ணி அடுப்பறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, பேசாம அண்ணிகிட்ட சொல்லிடு."

அவன் வாய் கொப்பளிக்கப் போய்விட்டான்.

சொல்லாமல் விட்டது ஒரே ஒரு விஷயம். அவன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. பழுத்த தக்காளியும் காயும் அவனுக்குக் கையால் அமுக்கிப் பார்த்தால்தான் தெரியும். சின்ன வயதில், தையற்காரரான அப்பா பச்சை நூல் எடுத்து வா என்றால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வருவான். அச்சகத்தில் புத்தகப் பக்கம் அமைக்கும் வேலை அவனுக்குச் சௌகரியமாகப் போயிற்று. வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து. யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை.

ஆனால் வேலை முடிந்து வந்து அவன் செய்வது வேறு. கணினித் திரையில் பின்னணியாக வைத்துக்கொள்ளும் படங்கள். மலை, கடல், பூ என்று எதுவும் இருக்காது. ஒளி மட்டும் இருக்கும். அது மடியும், விரியும், சுருண்டு போய் ஒரு மூலையில் அணையும். அவன் அதைச் சாம்பல் நிறத்தில் முடித்துத் தருவான். பூனை அதன் மேல் நிறம் போடுவாள். படம் அவன் பெயரில் இணையத்தில் ஏறும். விலை கிடையாது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அப்படி எடுத்துக்கொண்டவர்களில் ஒருத்திதான் இப்போதைய அண்ணி. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை அவளுடையது. பல் வலியோடு வருகிறவர்கள்கூட அவள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். யார் செய்தது என்று தேடிப் பிடித்து நன்றி சொன்னாள். நன்றி பேச்சாகி, பேச்சு கல்யாணத்தில் முடிந்தது. முதன்முதலில் நேரில் பார்த்தபோது அவள் சொன்ன வார்த்தையை அண்ணன் அன்றே பூனையிடம் வந்து சொன்னான். சொல்லும்போது அவன் முகம் வெளுத்திருந்தது.

'நான் உங்களைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே உங்க பச்சையைப் பார்த்துட்டேன்.'

அதன் பிறகு எப்படிச் சொல்வது? நாளைக்கு, அடுத்த வாரம், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். கல்யாணமாகி நாலு மாதம் ஓடிவிட்டது.

இப்போது கணினி தயாரிக்கும் ஒரு பெரிய கம்பெனி அவன் படத்தைப் பொறுக்கி எடுத்திருக்கிறது. புதிதாக வரும் ஒவ்வொரு கணினியையும் திறந்தவுடன் முதலில் தெரியப்போவது அந்தப் படம். கூடவே அவர்கள் டிசைன் பிரிவில் வேலையும். ஒரே ஒரு நிபந்தனை: படம் எப்படி உருவாகிறது என்று இன்று நாலு மணிக்கு வீடியோவில், அவர்கள் கண்ணெதிரே செய்து காட்ட வேண்டும்.

பூனை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

*

அண்ணி இன்று வேலைக்கு லீவு போட்டிருந்தாள். "என் புருஷன் படம் வரையறதைப் பெரிய மனுஷங்க பார்க்கப்போறாங்க. நான் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி வெளியில நிக்க முடியுமா?" என்று மருத்துவரிடமே கேட்டு வாங்கிய லீவு.

அவன் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தான். அவள் மேஜையைத் துடைத்தாள். திரையைத் துடைத்தாள். விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினாள். பிஸ்கட் தூள் கொட்டியது. கணினி விழித்துக்கொண்டது.

மாலையில் காட்டவேண்டிய படம் திறந்தே இருந்தது. அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் அவளுக்கு மூச்சு ஒரு கணம் நிற்கும். கீழே இருட்டு. அதிலிருந்து ஒரு ஒளி பட்டுத் துணி போல எழுந்து, பச்சையாகி, வலது மூலைக்குப் போகும்போது மெல்லச் சிவந்து, சிவப்பு என்று சொல்வதற்கு முன்னால் மறைந்துவிடும். எங்கே பச்சை முடிகிறது, எங்கே சிவப்பு ஆரம்பிக்கிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது.

ஓரத்தில் லேயர்களின் பட்டியல் இருந்தது. ஒன்றன் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாளை அடுக்குவதுபோல, ஒவ்வொரு நிறமும் ஒரு லேயர். அவள் பெயர்களைப் படித்தாள்.

அப்பா சட்டை. ஆறின டீ. ஊசி டப்பா. மாடித் தொட்டி. லேப் பிங்க். பக்கத்து வீட்டு கேட். இன்னும் ஆறு இப்படி.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மாமா, லேயருக்கெல்லாம் என்ன பேரு வச்சிருக்காரு பாருங்க. ஊசி டப்பாவாம்."

முன்னறையில் தையல் இயந்திரம் நின்றது. அப்பா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பக்கத்தில் அவருடைய ஊசி டப்பா, துருவேறிய சிவப்பில், இருந்தது.

"அது அண்ணன் தங்கச்சி பாஷைம்மா. நாம தலையிட்டா நமக்குத்தான் தலைவலி."

"கம்பெனிக்காரங்க பார்த்தா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிச்சா சிரிக்கட்டும். காசா பணமா?"

அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்து, மகனுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்ததுபோல மறுபடி பெடலை மிதித்தார். இயந்திரம் கடகடவென்று ஓடியது.

அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. மருத்துவமனையில் கோப்புகளை ஒழுங்காக வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இவ்வளவு அழகான படத்துக்கு உள்ளே இப்படி ஒரு குப்பைக் கூடையா? இந்த மென்பொருளில் ஒவ்வொரு லேயரின் பக்கத்திலும் ஒரு சின்ன நிறக் கட்டம் வைக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தாள். பச்சை லேயருக்குப் பச்சைக் கட்டம். சிவப்புக்குச் சிவப்பு. பெயர் எதற்கு? பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு பெயராக அழித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டாள். பக்கத்தில் கட்டம் வைத்தாள். தப்பித்தவறி நிறத்தில் கை பட்டுவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாள். சேமித்து மூடினாள்.

அவன் திரும்பி வந்தபோது சொல்லவில்லை. மீட்டிங்கில் திறந்ததும் அவனே பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தாள்.

*

பரிசோதனைக்கூடத்தில் பூனை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்பத் தயாரானபோது மேலாளர் வந்தார்.

"அந்த அடுக்குமாடிக் குடியிருப்புத் தண்ணி. புதுப் பையன் ஒரு அளவு சொல்றான், புதுப் பொண்ணு வேற சொல்லுது. நீ ஒரு தடவை பார்த்துட்டுப் போ."

"சார், நான் லீவு…"

"குடிக்கலாமா வேண்டாமான்னு அத்தனை வீடும் காத்துட்டு இருக்கு. உன் கண்ணு பார்த்தாத்தான் எனக்கு நிம்மதி."

அதற்கு மேல் பூனையால் மறுக்க முடியாது. யாரிடமும் அவளால் மறுக்க முடிந்ததில்லை. கைப்பேசி வெளியே பெட்டியில் பூட்டியிருந்தது; உள்ளே கொண்டுவர அனுமதி இல்லை.

குடுவையில் தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது. மேலிருந்து சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டாள். விழுகிற இடத்தில் ஒரு பிங்க் பூக்கும், குலுக்கியதும் மறையும். மறைவது மெதுவாகும். கடைசியில் ஒரு சொட்டில் அது மறையாமல் நிற்கும். இருக்கிறதா, நம் கண்தான் அப்படிச் சொல்கிறதா என்று சந்தேகம் வருகிற பிங்க். அடுத்த சொட்டு விழுந்தால் கெட்டுப்போகும்.

அண்ணனுக்கு இதை விவரிக்க அவள் பலமுறை முயன்றிருக்கிறாள். 'ஒருத்தங்க வெட்கப்படலாமா வேண்டாமான்னு யோசிக்கிற நிறம்' என்று ஒருநாள் சொன்னாள். அவன் சிரித்தான். மறுநாள் ஒரு சாம்பல் படத்தோடு வந்தான். ஒரு மூலையில் ஒளி, பரவலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு நின்றது.

'உன் லேப் பிங்க்குக்கு ஒரு இடம் பண்ணியிருக்கேன்' என்றான்.

பார்க்காத நிறத்துக்கு இப்படி ஒரு இடம் செய்ய ஒருவனால் எப்படி முடிந்தது என்று அவள் இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். நிறம் குறுக்கே வராததால் அவன் கண் வெளிச்சத்தை முழுசாக எடுத்துக்கொள்கிறதோ என்னவோ. அறிவியல் படித்தவள் அப்படிச் சொல்லக் கூடாதுதான்.

மூன்று முறை செய்தாள். மூன்றும் ஒத்துப்போயின. தண்ணீரில் குறை எதுவும் இல்லை. அளவை எழுதிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது சுவர்க் கடிகாரம் மீட்டிங் நேரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

*

திரையில் மூன்று முகங்கள் தெரிந்தன. நடுவில் இருந்தவர் தலைமை டிசைனர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

அண்ணன் வாசலைப் பார்த்தான். பூனையைக் காணவில்லை.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் அந்த அம்மாள்.

"முதல்ல வடிவம் எப்படி வருதுன்னு காட்டறேன், மேடம்."

கறுப்புத் திரை ஒன்றைத் திறந்தான். வெள்ளைத் தூரிகையால் நடுவில் ஒரு கோணல் கோடு இழுத்தான். கடை வாசலில் யாரோ சுண்ணாம்பு கொட்டியதுபோல இருந்தது.

அண்ணி கேமராவுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். இதை அவள் பார்ப்பது இதுவே முதல்முறை. முடிந்த படங்களைத்தான் பார்த்திருக்கிறாள். செய்யும்போது அண்ணனும் தங்கையும் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அவன் கோட்டைப் பக்கவாட்டில் இழுத்து மங்கலாக்கினான். அது புகையாயிற்று. புகையின் ஒரு முனையைப் பிடித்து வளைத்தான். அப்படியே நகல் எடுத்து, நகலை மயிரிழை திருப்பி, வெளிச்சம் மட்டும் தெரியும்படி முதலாவதன் மேல் வைத்தான். இரண்டும் சேர்ந்த இடத்தில் ஒரு மடிப்பு பிறந்தது. மறுபடி நகல். மறுபடி திருப்பல். கோணல் கோடு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. காற்றில் ஒரு துணி ஆடி, ஆடின நொடியிலேயே நின்றுவிட்டது போல இருந்தது.

அதிகமாகச் செய்யவும் இல்லை. இன்னொரு நகல் வைக்கப் போனவன் கையை எடுத்துவிட்டான். ஒரு ஓரத்தை மட்டும் இருட்டினான். அந்த இருட்டினால் மற்ற இடமெல்லாம் வெளிச்சமாயிற்று.

திரையில் இருந்த மூவரும் முன்னால் சாய்ந்திருந்தார்கள். முன்னறையில் தையல் இயந்திரம் நின்றிருந்தது; அப்பா வாசற்படியில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

"எந்த இடத்துல நிறுத்தணும்னு எப்படித் தெரியுது?" தலைமை டிசைனர் கேட்டார். குரல் மாறியிருந்தது.

"இதுக்கு மேல தொட்டா செஞ்சது தெரிஞ்சிடும், மேடம். தானா வந்த மாதிரி இருக்கும்போதே விட்டுடணும்."

அண்ணி தன் புறங்கையைப் பார்த்துக்கொண்டாள். மயிர் சிலிர்த்திருந்தது.

"பிரமாதம். நாங்க தேர்ந்தெடுத்த படத்தைத் திறங்க. ஒரே ஒரு சின்ன மாற்றம். வலது மூலையில பச்சை இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும், சிவப்பைக் குறைச்சுக் காட்டுங்க. அவ்வளவுதான்."

அண்ணன் மறுபடி வாசலைப் பார்த்தான். அப்பா மட்டும்தான் நின்றார்.

பரவாயில்லை, சமாளித்துவிடலாம் என்று நினைத்தான். வலது மூலைச் சிவப்பு ஊசி டப்பா. அதற்கு அடியில் இருக்கும் பச்சை அப்பா சட்டை. டப்பாவைக் கால்வாசி மங்கலாக்கி, சட்டையைக் கொஞ்சம் நீட்டினால் போதும். பூனை இதை அவன் கண்முன்னால் எத்தனையோ முறை செய்திருக்கிறாள்.

படத்தைத் திறந்தான். பட்டியலைப் பார்த்தான்.

பெயர்கள் இல்லை. எண்கள் இருந்தன. எண்களின் பக்கத்தில் கட்டங்கள். எல்லாம் ஒரே மங்கல் மஞ்சள்.

"இது…"

"நான்தான்," அண்ணி முக்காலியிலிருந்து கிசுகிசுத்தாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. "காலையில மாத்தினேன். பேரே வேண்டாம், பார்த்தாலே தெரியும்."

அவன் பட்டியலுக்குத் திரும்பினான். மூன்றாவது லேயரைத் திறந்து, நிறத்துக்குரிய எண்களைப் படித்தான். சிவப்புக்கு ஒரு எண், பச்சைக்கு ஒரு எண், நீலத்துக்கு ஒரு எண். எது பெரிதோ அந்த நிறம். அதுவரை சரி. ஆனால் பச்சையில் ஏழு லேயர், சிவப்பில் ஐந்து லேயர். ஒன்றின் மேல் ஒன்று பாதி பாதியாகப் படிந்து நின்றன. எண்களைக் கூட்டினால் நிறம் வந்துவிடாது. எது டப்பா? எது பக்கத்து வீட்டு கேட்?

"ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல மேடம். ஒரு நிமிஷம்."

ஒரு லேயரை மங்கலாக்கினான். இன்னொன்றை நீட்டினான். அவன் கண்ணுக்கு ஒளி கொஞ்சமும் கெடவில்லை, அழகாகத்தான் இருந்தது.

அண்ணி எட்டிப் பார்த்தாள். முதலில் விளையாடுகிறான் என்று நினைத்தாள். வலது மூலை அடிபட்ட இடம்போலக் கன்றிச் சிவந்திருந்தது. அந்தத் தயங்குகிற பிங்க் இருந்த இடமே தெரியவில்லை.

"சிவப்பைக் குறைக்கச் சொன்னேன்," என்றார் தலைமை டிசைனர். திரையில் பக்கத்து முகம் இன்னொரு முகத்திடம் ஏதோ முணுமுணுத்தது. "இந்த நிறங்கள் நீங்களே போட்டதுதானே?"

அந்த நேரத்தில் அப்பாவின் தோளுக்குப் பின்னால் பூனை வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. பை இன்னும் தோளில் தொங்கியது. திரையைப் பார்த்த கணத்திலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கையைத் தூக்கி இடது காதைப் பிடித்தாள். சிவப்பு அதிகம், அண்ணா. சிவப்பு.

அண்ணன் அவளைப் பார்த்தான். கை மவுஸின் மேல் இருந்தது. இப்போது அவள் காதைப் பார்த்துப் பார்த்து மூலையைச் சரிசெய்துவிடலாம். நேரம் இருந்தது.

ஆனால் அண்ணி முக்காலியை விட்டு எழுந்துவிட்டாள். கேமராவுக்கு முன்னால் வந்து குனிந்தாள்.

"மேடம், மன்னிச்சுக்கங்க. தப்பு இவரோடது இல்ல. நான் அவர் வீட்டுக்காரி. காலையில நான்தான் கை வச்சு எல்லாத்தையும் குழப்பிட்டேன். இவர் நிறத்துல தப்பே பண்ணமாட்டார். எனக்குத் தெரியும் மேடம். நான் இவரைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே…"

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"போதும். நீ எதையும் குழப்பல."

"இல்லங்க, நான்தான்…"

"மேடம், இவ பண்ணினதுல ஒரு தப்பும் இல்ல. வேற யாரா இருந்தாலும் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் வேலை செஞ்சிருப்பாங்க." கேமராவை நோக்கிப் பேசத் தொடங்கியவன் பாதியில் அவள் பக்கம் திரும்பிவிட்டான். ஒலிவாங்கி திறந்தே இருந்தது. அவன் அதை மூடவில்லை.

"நிறமெல்லாம் பூனை போட்டது. அதோ, காதைப் பிடிச்சுட்டு நிக்கிறாளே, அவ."

பூனை மெல்லக் கையை இறக்கினாள். அண்ணி வாசலைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள்.

"அப்போ நீங்க…"

"எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். பிறந்ததுலேர்ந்து." அவன் அவள் மணிக்கட்டை விட்டுவிட்டான். "நீ முதல்ல பார்த்தியே, அந்தப் பச்சை. அதை நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல."